ரக்னா விட்டுப்போன நிழல்

ரக்னா என்ற ஓர்காத் திமிங்கிலத்தைப் பாரந்தூக்கியால் தூக்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவளுடைய நிழல் தொட்டிக்குள்ளேயே இருந்தது. இது நடந்தது 2003ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. ஒஸ்லோவுக்குத் தெற்கே, ஹவுகெட்டோவில் இருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தில், ஃபியோர்ட் கடற்கழியின் கிழக்குக் கரையில் இருந்த ஹாவ்ஹைம் கடற்பூங்காவில் அன்று வேலைக்கு வந்திருந்த பதினேழு பேரும் அதைப் பார்த்தார்கள். நிழல் ஐந்தரை மீற்றர் நீளம் இருந்தது. ரக்னாவின் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் நிழலும் கொஞ்சம் வெளிறியிருந்தது. தொட்டியின் அடியில், வடக்குச் சுவரோரமாக, எண்ணெய் சிந்தியதுபோல் கிடந்தது. அன்று முழுநாளும் வெயிலே எறிக்கவில்லை என்பதைப் பூங்காவின் மிருக வைத்தியர் தன் அறிக்கையில் தனியாகக் குறித்திருக்கிறார்.

ரக்னாவுக்கு எட்டு வருடங்களாக மீன் போட்டவர் பிலேந்திரன். மன்னார்த் தீவில் பேசாலையைச் சேர்ந்தவர். அண்ணன் றெஜினோல்ட் கடற்றொழிலோடு ஊரில் நிற்க, இவர் 1987இல் நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்ஃபியோர்ட்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் மீன் வெட்டினார். அதற்குள் மனைவி செல்வமலர் வந்து சேர்ந்தாள், மகள் ஜெனுஷா பிறந்தாள். ஒஸ்லோவில் ஹவுகெட்டோவுக்குக் குடிவந்த பிறகு செல்வமலருக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. ஐரோப்பாவில் எங்கோ மூடப்பட்ட ஒரு பூங்காவில் இருந்து ரக்னாவை ஹாவ்ஹைம் வாங்கிய 1995இல் பிலேந்திரனுக்கு இந்த வேலை கிடைத்தது. உறைந்த ஹெரிங் மீனைத் தண்ணீரில் இளக்குவது, கெட்டதைப் பொறுக்கி எறிவது, நல்லதன் செவுளுக்குள் விற்றமின் குளிசையை வைப்பது, காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் இரண்டரைக்கும் தொட்டியின் விளிம்புக் கட்டின் மேல் வாளியை இரண்டு தரம் தட்டுவது. தட்டினால் ரக்னா வருவாள். அவர் கையால் அல்லாமல் வேறு யார் கையாலும் அவள் முதல் மீனை வாங்குவதில்லை. ஞாயிறு பூசைக்குப் போகும்போது கூட அவருடைய கோட்டில் மீன் நாற்றம் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

ரக்னாவைக் கடலுக்கு அனுப்ப வைத்தவள் ஜெனுஷா. 2002ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, பாடசாலையில் ஒரு ஆய்வு செய்யச் சொன்னார்கள். அவள் ஆறு சனிக்கிழமைகள் பார்வையாளர் படிகளில் கொப்பியோடு உட்கார்ந்து, ரக்னா தொட்டியை இடஞ்சுழியாகச் சுற்றுவதை எண்ணினாள். சுற்றளவு எழுபது மீற்றர், ஒரு நாளைக்கு அறுநூறு சுற்று, ஏழு வருடத்துக்கு மேல். ரக்னா உலகத்தை இரண்டே முக்கால் தடவை சுற்றிவிட்டாள், ஆனால் இன்னும் என் அப்பாவின் வாளியைத் தாண்டவில்லை என்று எழுதினாள். ஆசிரியை அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. டிசம்பரில் பூங்கா வாசலில் முப்பது பேர் மெழுகுதிரியோடு நின்றார்கள். பெப்ரவரியில் இரண்டாயிரம் பேர் நின்றார்கள்.

பிலேந்திரன் மகளை ஏசவில்லை. மூன்று கிழமை அவளோடு அதிகம் கதைக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் அவளுக்குச் சோறு போடும்போது, "நீ எழுதினது பிழையில்லை பிள்ளை. ஆனா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார். அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

பூங்காவின் நிர்வாகி ஒட்வார் பிரோத்தன் கெட்ட மனிதர் அல்ல. ஓர்கா இல்லாத கடற்பூங்காவுக்கு யார் வருவார்கள் என்ற ஒரே கேள்வியோடு அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்து திரிந்தார். ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தைப் பிடித்து நானூறு பேரிடம் கேட்டார். நூற்றுக்கு எழுபத்தொரு பேர், கடல்நாய்களுக்கும் நட்சத்திர மீனைத் தொட்டுப் பார்ப்பதற்கும் வாஃபிலுக்கும் வருவோம் என்றார்கள். அவர் நம்பவில்லை. மனிதர்கள் இப்படியான கேள்விகளுக்குத் தங்களை நல்லவர்களாகக் காட்டுகிற பதிலைத்தான் சொல்வார்கள் என்றார். இருந்தாலும் வாசலில் நின்ற கூட்டம் குறையவில்லை என்பதால், ரக்னாவைக் கடலில் விடுவதற்கு ஏப்ரலில் கையெழுத்து வைத்தார்.

லொறி போய் ஒன்றரை மணித்தியாலம் கழித்து, பழக்க தோஷத்தில் பிலேந்திரன் வாளியோடு தொட்டிக் கட்டுக்கு வந்தார். பதினொரு மணி. வாளியில் மீன் இருந்ததா இல்லையா என்று பிறகு அவருக்கே ஞாபகமில்லை. இரண்டு தரம் தட்டினார். அடியில் கிடந்த நிழல் அசைந்து, தலையை எடுத்து, மேலே வந்தது. தண்ணீர் கலங்கவில்லை. நிழல் இடஞ்சுழியாக ஒரு சுற்று வந்து, இரண்டாம் சுற்றில் பாய்ந்தது. பாய்ந்தபோது அது தொட்டியை விட்டு வெளியே வந்து, வெறும் படிவரிசைகளின் மேலாகப் போய், படிகளைக் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் முகத்தைக் கடந்து, திரும்பித் தண்ணீருக்குள் இறங்கியது. பெண்கள் இருவரும் தும்புத்தடியைப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிவர ஓடினார்கள். அடுத்த சனிக்கிழமை படிகளில் ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள்.

அந்தக் கோடையில் வந்த கூட்டத்தை ஹாவ்ஹைம் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. 2002இல் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். 2003இல் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர். நிழல் ஒருவரைக் கடக்கப் பதினொரு விநாடி எடுத்தது. அந்தப் பதினொரு விநாடியும் ஒவ்வொருவரும் தான் ஒருகாலத்தில் வெளியே வரமுடியாமல் இருந்த ஓர் இடத்துக்குள் இருந்தார்கள். குரோருட்டில் இருந்து வந்த ஒரு தாதி தன் முதல் கணவனின் சமையலறைக்குள் நின்றாள். ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் 1943இல் பதுங்கியிருந்த ஒரு நிலவறைக்குள் குந்தியிருந்தார். சிறுபிள்ளைகள் அநேகமாக ஒரு கதிரையில் கட்டப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். நிழல் கடந்ததும் வெளிச்சம் வரும், காற்று வரும், பக்கத்தில் இருக்கிறவரின் கை வரும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போய் இரண்டு வாஃபில் சாப்பிடுவார்கள். அடுத்த மாதம் திரும்பி வருவார்கள். அடைபட்டிருப்பதை விட, அடைபட்டிருந்து வெளியே வருவதைத்தான் அவர்கள் விரும்பினார்கள் என்று ஒட்வார் பிரோத்தன் விளங்கிக்கொண்டார். எட்டு வருடம் ஓர்காவைப் பார்க்க வந்தவர்களும் ஒருவேளை இதற்காகத்தான் வந்தார்களோ என்று ஒருநாள் பிலேந்திரனிடம் கேட்டார்.

நிழல் மீனைத் தின்னவில்லை. மீனின் நிழலைத் தின்றது. போட்ட ஹெரிங் எல்லாம் அப்படியே மிதந்து வரும், நிழல் இல்லாமல். கடற்பறவைகள் அவற்றைத் தொடவில்லை. வீணாகிறதே என்று ஒருதரம் செல்வமலர் நாலு கிலோ கொண்டுபோய் மிளகாய்த்தூள், பழப்புளி எல்லாம் போட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பில் உப்பு இருந்தது, உறைப்பு இருந்தது, மணம் மட்டும் இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதாகவே தெரியவில்லை என்று ஜெனுஷா சொன்னாள். அதற்குப் பிறகு அந்த மீனைப் பூங்காவின் பின்பக்கத்தில் கிடங்கு வெட்டித் தாட்டார்கள்.

ஜூன் கடைசியில் பிலேந்திரனுக்குப் பல்லில் சீழ் கட்டி முகம் வீங்கி, இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வேறு மூன்று பேர் வாளியைத் தட்டிப் பார்த்தார்கள். நிழல் எழும்பவில்லை. முதல் நாள் பின்னேரம் அது பாதியாகச் சுருங்கியிருந்தது; இரண்டாம் நாள் ஒரு கடல்நாயின் அளவுக்கு வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே அவர் வீங்கிய கன்னத்தோடு வந்து தட்டியதும் பழைய நீளத்துக்குத் திரும்பியது. அதே காலை, வடக்கே அண்டெனெஸ் துறைமுகத்தில் இருந்து குன்வோர் என்ற திமிங்கில ஆய்வாளர் தொலைபேசி எடுத்தார். ரக்னாவை விட்ட நாளில் இருந்து அவளைப் படகில் பின்தொடர்கிறவர் அவர். ரக்னாவுக்கு நிழல் இல்லை என்பதை முதல் வாரமே பார்த்ததாகவும், இதை எந்த இலாகாவுக்கு எழுதுவது என்று தெரியாமல் விட்டதாகவும் சொன்னார். மற்ற ஓர்காக்கள் அவளைக் கிட்ட எடுக்கவில்லை. திறந்த கடலில், மூன்று பக்கமும் கரையே இல்லாத இடத்தில், அவள் எழுபது மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்துக்குள்ளேயே இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவர் தொலைபேசி எடுத்த காரணம் வேறு. போன இரண்டு நாளும் ரக்னா அசையாமல், ஒரு பக்கம் சரிந்து, மேலே கிடந்தாள். முடிந்தது என்று நினைத்தோம். இன்று காலை எட்டு மணிக்குப் பிறகு திடீரென்று நீந்துகிறாள். அங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

பிலேந்திரன் அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்துக்கு மூன்று விமானச் சீட்டு எடுத்து வைத்திருந்தார். நாட்டில் சண்டை நின்று, பாதை திறந்து, பதினாறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போய், மடு மாதா கோவில் பெருநாளுக்கு நிற்பதாக ஏற்பாடு. அண்ணன் றெஜினோல்ட் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெத்தைக் கட்டில் வாங்கிப் போட்டு, வெளிநாட்டுப் பிள்ளைக்கு வேண்டும் என்று கதிரைபோல் இருந்து போகிற கக்கூசும் கட்டியிருந்தார். பிலேந்திரன் தொலைபேசியில் தான் வர முடியாத விஷயத்தைச் சொன்னார். நிழலைப் பற்றியும் சொன்னார். றெஜினோல்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிழல் நின்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தத் திமிங்கிலத்துக்கு நீ என்ன முறையடா?" என்றார்.

"அதுக்குச் சாப்பாடு போட்டனான் அண்ணை."

"அப்ப போட்டிட்டு வா. அடுத்த வரியம் வா" என்றார் றெஜினோல்ட்.

செல்வமலரும் ஜெனுஷாவும் போய் வந்தார்கள். அடுத்த வருடம் பிலேந்திரன் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை.

நிழல் அவரைச் சிறிது சிறிதாகத்தான் கட்டியது. முதல் வருடம் அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் லீவு எடுக்க முடியாது. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த நண்பர் இந்திரகுமாரின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்குப் போய் நாலு மணித்தியாலம் நின்றதற்கு, மறுநாள் நிழலின் வால் பக்கம் ஒரு முழம் குறைந்திருந்தது. 2005இல் ஹவுகெட்டோவும் தூரமாகிவிட்டது. இரவு வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வந்தால் நிழல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். மீன் இளக்கும் அறைக்குப் பக்கத்தில் வலைகள் வைக்கிற ஓர் அறை இருந்தது, நாலு மீற்றருக்கு மூன்று மீற்றர். ஒட்வார் பிரோத்தன் அதைத் துப்புரவாக்கி, கட்டிலும் தொலைக்காட்சியும் போட்டுக் கொடுத்தார். சம்பளத்தையும் கூட்டினார். முதலில் வாரநாட்களில் மட்டும் அங்கே படுத்த பிலேந்திரன், 2006 கிறிஸ்மஸுக்குப் பிறகு பூங்காவின் வாசலைத் தாண்டவே இல்லை. செல்வமலர் வேலை முடிந்து, சாப்பாட்டுப் பெட்டியோடு பேருந்தில் வருவாள். மாதத்தில் ஒருதரம் பாதிரியார் நற்கருணை கொண்டுவருவார். மற்ற நேரங்களில் அவர் தொட்டியைச் சுற்றி நடந்தார். நிழல் தண்ணீருக்குள் சுற்ற, அவர் கட்டின் மேல் சுற்றினார், இடஞ்சுழியாக. ஒன்றரை வருடத்தில் கொங்கிரீற்றில் ஓர் அங்குல ஆழத்துக்கு அவருடைய தடம் விழுந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும்.

செல்வமலர் முறைப்பாடு எழுதினாள். தொழிலாளர் உரிமை பார்க்கிற ஓர் அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். அறையின் கதவைத் திறந்து பார்த்தார்கள். பூட்டு உள்பக்கம் இருந்தது. பூங்காவின் வாசலைப் பார்த்தார்கள். பகல் முழுக்கத் திறந்திருந்தது. உங்களை யாராவது மறிக்கிறார்களா என்று பிலேந்திரனிடம் கேட்டார்கள். இல்லை என்றார். ஊழியர் தன் சொந்த விருப்பத்தில் தங்கியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு, இரண்டரை மணிக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வந்தார்.

ஊரில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. 2007 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, றெஜினோல்டின் மனைவி மேரியம்மா தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போன மனிசன் வரவில்லை, படகு மட்டும் கரைக்கு வந்திருக்கிறது என்றாள். படகில் வலை இருந்தது, தண்ணீர்க் கலன் இருந்தது, கழற்றி வைத்த சட்டை இருந்தது. பிலேந்திரன் தொலைபேசியை வைத்துவிட்டு மீன் இளக்கினார். பதினொரு மணிக்கு வாளியைத் தட்டினார். அன்று நிழல் பாயவில்லை. சுவரோரமாக வந்து, அவர் நின்ற இடத்துக்கு நேர் கீழே, பின்னேரம் வரை அப்படியே கிடந்தது. டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு ஒட்வார் பிரோத்தன் இன்னொரு நாளைக்கு வரலாம் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பினார்.

ஜெனுஷாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்த வசந்தகாலத்தில் அவள் மறுபடி ஆறு சனிக்கிழமைகள் படிகளில் கொப்பியோடு உட்கார்ந்து தகப்பனின் சுற்றுகளை எண்ணினாள். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது. இந்தத் தடவை அவள் பத்திரிகைக்கு எழுதவில்லை. முதல் எழுதியதால்தான் அப்பா இங்கே இருக்கிறார் என்பது அவளுடைய எண்ணம். அதைத் தாயிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடமாக அவள் எந்தக் கடலிலும் குளிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் தொட்டியின் சுவரில் வெடிப்புக் கண்டு, திருத்துவதற்காகத் தண்ணீரை இறக்கினார்கள். நிழல் காய்ந்த தரையில் கிடந்தது. வேலையாட்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஜெனுஷா ஏணியால் இறங்கி, முதல் தடவையாக அதைக் கையால் தொட்டாள். குளிராக இருந்தது. மேலே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்கள் ஒருக்கா கூட ஃபெரியெ லீவு எடுக்கேல்லை."

"நான் போனா அது சாகும். அது செத்தா அங்கை அவளும் சாவாள். நீதானே பிள்ளை அவளை விடச் சொன்னனி."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். ஜெனுஷா காய்ந்த தரையில் கிடந்த நிழலைப் பார்த்தாள்.

"அப்ப அதையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். "நான் வாகனம் ஓடுவன். அவளட்டையே கொண்டுபோய்க் குடுப்பம்."

அன்றே முயன்று பார்த்தார்கள். பிலேந்திரன் வாசலை நோக்கி நடக்க, நிழல் தொட்டியின் சுவரேறி, அவருக்குப் பின்னால் வாஃபில் கடையைத் தாண்டி, கார் நிறுத்துமிடம் தெரிகிற அளவுக்கு வந்தது. வர வர மெலிந்தது. வால் மட்டும் தொட்டியின் அடியில் இருந்து கழலவில்லை. வாசலில் அவரால் காலைத் தூக்க முடியவில்லை. இழுத்துப் பிடித்த ரப்பர்போல நிழல் அதிர்ந்தது. திரும்பி வந்துவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியோடு வந்திருந்த செல்வமலர் இதை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பதினான்கு வருடமாகப் படுக்கையில் கிடக்கிற மனிதர்களைத் தூக்கிப் புரட்டுகிறவள்; எதை எங்கே பிடித்தால் எது அசையும் என்று தெரிந்தவள்.

"தொட்டி வெறுமையா இருக்கச் சம்மதிக்காது போலை" என்றாள். "ஒண்டை வைச்சாத்தான் மற்றதை விடும்."

பிலேந்திரன் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

2008 ஜூன் இருபத்தோராம் திகதி, சனிக்கிழமை, நல்ல வெயில். ஒஸ்லோவில் அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணிக்குப் பிறகு. ஒட்வார் பிரோத்தனுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவர் சம்மதிக்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அன்று வேலைக்கு வராமல் விட்டார். பிலேந்திரன் ஏணியால் இறங்கி, காய்ந்த தொட்டியின் நடுவில், ரப்பர்ச் சப்பாத்தோடு நின்றார். அவருடைய நிழல் சுருங்கி அவருடைய நெஞ்சளவு நீளத்துக்கு வந்தது. ரக்னாவின் நிழல் வடக்குச் சுவரில் இருந்து ஊர்ந்து வந்து சப்பாத்தைத் தொட்டது. அவர் வலது காலை மெல்லச் சப்பாத்துக்குள் இருந்து எடுத்து, ரக்னாவின் நிழல் மேல் வைத்தார். பிறகு இடது கால். அவருடைய நிழல் சப்பாத்துகளோடு அங்கேயே நின்றது. செல்வமலர் மேலே நின்று செபம் சொன்னாள். பிலேந்திரன் வெறுங்காலோடு ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கினார். மேலே வந்தபோது அவருக்குப் பின்னால் ஐந்தரை மீற்றருக்கு ஓர்காவின் நிழல் விழுந்திருந்தது. கீழே, ஆளில்லாமல், ஒரு மனிதனின் நிழல் தலையைத் தூக்கி ஏணியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெனுஷா பார்த்தாள்.

இந்திரகுமாரின் வேனின் பின்சில்லுகள் பாரத்தில் தாழ்ந்தன. ஒஸ்லோவில் இருந்து அண்டெனெஸுக்கு ஆயிரத்து நானூறு கிலோமீற்றர். ஜெனுஷா மூன்று நாளில் ஓடினாள். பிலேந்திரன் பின் இருக்கையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பெற்றோல் நிலையங்களில் இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். நாலாம் நாள் காலை குன்வோர் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ரக்னா தன் எழுபது மீற்றருக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். முதுகுச் செட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. பிலேந்திரனிடம் வாளி இருக்கவில்லை. படகின் விளிம்பைக் கையால் இரண்டு தரம் தட்டினார். ரக்னா வட்டத்தை விட்டு வரவில்லை, ஆனால் நின்றாள். அவர் கையிரண்டையும் ஊன்றிக் குனிந்தபோது, நிழல் படகின் பக்கவாட்டால் வழிந்து தண்ணீருக்குள் இறங்கி, அவளுடைய வயிற்றுக்குக் கீழே போய்ப் பொருந்தியது. அவர் படகுக்குள் பின்பக்கமாக விழுந்தார், பாரம் தூக்கியவன் கயிறு அறுந்து விழுவதுபோல. ரக்னா ஒரு மூச்சு விட்டாள். பிறகு தாழ்ந்தாள். பதினான்கு நிமிடம் கழித்து, மேற்கே இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் எழும்பியதைக் குன்வோர் குறித்திருக்கிறார். அடுத்த வருடம் மாசியில் அவளை வேறு ஐந்து ஓர்காக்களோடு கண்டார்.

பிலேந்திரன் ஹவுகெட்டோவுக்கு நிழல் இல்லாமல் திரும்பி வந்தார். முதல் இரண்டு வாரம், வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போகும்போதெல்லாம் படியில் நின்று, காலைத் தூக்க முடிகிறதா என்று பார்த்தார். முடிந்தது. பிறகு ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை எடுத்தார். தெருவில் கவனித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் நோர்வேஜியர்கள் இப்படியானவற்றை முகத்துக்கு நேரே கேட்பதில்லை. தமிழர்கள் செல்வமலரிடம் கேட்டார்கள், அவள் வேலையிடத்தில் விட்டுவிட்டார் என்று சொன்னாள். 2009 ஓகஸ்டில், சண்டை முடிந்து மூன்றாம் மாதம், அவர் ஊருக்குப் போனார். மேரியம்மாவின் முற்றத்தில் உச்சி வெயிலில் நின்றார். சுண்ணாம்பு அடித்த அறையில் கட்டில் அப்படியே இருந்தது. மெத்தையில் உறை கழற்றப்படவில்லை. மேரியம்மா அவருடைய காலடியைப் பார்த்துவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலாமரத்தின் கீழே போட்டு, இதிலை இருங்கோ தம்பி என்றாள். அந்த வருடம் அங்கே எதையாவது எங்காவது விட்டுவிட்டு வராதவர்கள் குறைவு என்பதால், ஊரில் வேறு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஹாவ்ஹைம் மூடப்படவில்லை. 2008இல் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேராகக் குறைந்தது. 2009இல் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்துக்கு ஏறியது, ரக்னா இருந்த நல்ல வருடங்களை விடப் பெரிய குறைவில்லை. கடல்நாய்களுக்கும் நட்சத்திர மீனுக்கும் வாஃபிலுக்கும் வந்தார்கள். முன்பு நானூறு பேர் சொன்ன பதில் உண்மையான பதில்தான் என்று ஒட்வார் பிரோத்தன் கடைசியில் ஒப்புக்கொண்டார். அதைப் பிலேந்திரனிடம் நேரில் சொல்வதற்காக ஹவுகெட்டோவுக்கு வந்து, தேநீர் குடித்து, வேறு விஷயங்களைக் கதைத்துவிட்டுச் சொல்லாமல் போனார். பெரிய தொட்டிக்கு மறுபடி தண்ணீர் விடவில்லை. காய்ந்த அடியில் ஒரு மனிதனின் நிழல் இடஞ்சுழியாக நடக்கிறது. காலை பதினொன்றுக்கும் பின்னேரம் இரண்டரைக்கும் கொஞ்சம் நின்று, குனிந்து, மறுபடி நடக்கிறது. அது பாய்வதில்லை, யாரையும் கடப்பதில்லை என்பதால் அதற்கென்று யாரும் வருவதில்லை. வந்தவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் தொட்டிக் கட்டின் மேல் சாயவேண்டாம் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு ஜெனுஷா போய்ப் படிவரிசையில் உட்கார்ந்திருப்பாள். அது சுற்றி அவள் பக்கம் வரும்போது கையை உயர்த்துவாள். அது கண்டதாகத் தெரியாது. நாலு மணி பத்து நிமிடப் பேருந்தில் ஹவுகெட்டோவுக்கு வந்தால், தகப்பன் சமைத்து முடித்திருப்பார். ஒருதரம், 2009 நவம்பரில், அவர் சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டார்.

"எப்பிடி இருக்கு?"

"நடக்குது."

"களைச்சுப்போச்சோ?"

ஜெனுஷா கொஞ்சம் யோசித்து, "ஓம் அப்பா, இண்டைக்குக் கொஞ்சம் மெல்லமாத்தான் நடந்தது" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அவளுடைய கோப்பையில் சோற்றைப் போட்டார்.